பயனறி ஈகை இயக்கமும் அதன் மீதான விமர்சனங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடுக்கும் பணத்தால் யாருக்கு எவ்வளவு நன்மை விளைகிறது என்பதைச் சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்து, அதன்படி கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தும் இயக்கம் ஒன்று 2000-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உருவாயிற்று. 'எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்' என்று அங்கு வழங்கும் அதனை இங்கே பயனறி ஈகை என்று குறிப்பிடுகிறேன். என் வருமானத்தில் ஒரு பங்கை இவ்வழியில் கொடுத்து வருபவன் என்பதால், இந்த இயக்கத்தைப் பற்றி வரும் கடுமையான செய்திகளைப் படித்த நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் தொடர்ந்து விளக்கம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் என் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த இயக்கத்தின் சார்பில் பேசுபவர் யார்?

அப்படி ஒருவர் இல்லை. பாதிச் சிக்கல் இதிலிருந்தே தொடங்குகிறது. 2007-இல் ஹோல்டன் கர்னோஃப்ஸ்கி, எலி ஹாசன்ஃபெல்ட் என்ற இருவர் அமெரிக்காவில் தொடங்கிய தொண்டு நிறுவனங்களை ஆராய்ந்து பரிந்துரைக்கும் கிவ்வெல் என்ற ஆய்வு நிறுவனம், 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டோபி ஆர்ட், வில்லியம் மெக்காஸ்கில் ஆகியோர் முன்னின்று தொடங்கிய, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாக உறுதியேற்போரின் அமைப்பான கிவிங் வாட் வி கேன், இன்னும் பல சிறிய அமைப்புகள் ஆகியவை தனித்தனியே வளர்ந்தன. எல்லாவற்றையும் சேர்த்துச் சுட்டும் பெயர் 2011-இன் இறுதியில்தான் முடிவாயிற்று. இவற்றுக்குப் பொதுவான சிந்தனை வேர், வங்கதேசப் போரின் அகதிகள் பட்டினி கிடந்த நாள்களில் பீட்டர் சிங்கர் எழுதி 1972-இல் வெளியான தத்துவக் கட்டுரை. பெயர் ஒன்றாகவும் நிர்வாகம் பலவாகவும் இருப்பதால், ஓர் அமைப்பு செய்யும் தவறு எல்லோர் மீதும் படிகிறது. ஆனால் அதற்கு விடை சொல்லும் கடமை மட்டும் எல்லோருடையதாகவும் ஆகி, கடைசியில் யாருடையதும் இல்லாமல் போகிறது.

நல்ல காரியம் செய்பவர்களுக்கு மக்கள் தொடர்பு எதற்கு? செயலே பேசாதா?

கடையில் அரிசி வாங்குபவர் அதைச் சமைத்து உண்கிறார். அரிசி மோசமாக இருந்தால் மறுநாளே கடைக்காரரிடம் வந்து கேட்கிறார். ஈகையில் விலை கொடுப்பவர் ஒருவர், பொருளைப் பெறுபவர் வேறொருவர். மலாவியில் ஒரு தாய்க்குக் கிடைத்த கொசுவலை கிழிந்திருந்தால், பணம் கொடுத்த கோயம்புத்தூர்க்காரரிடமோ லண்டன்காரரிடமோ அவர் முறையிட வழியே இல்லை. நன்கொடையாளருக்குக் கிடைப்பவை சொற்களும் எண்களும் படங்களும்தாம். அவற்றைத் தயாரிப்பவரும் நிறுவனமே.

ஆகவே இங்கு செயல் தானாகப் பேசுவதில்லை. மக்கள் தொடர்பு என்பது அந்தத் தாயின் நிலையை நன்கொடையாளருக்கு உண்மையாகக் கொண்டு சேர்க்கும் வேலையாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் விமர்சனமோ, வரமுடியாமல் போன அந்த முறையீட்டின் இடத்தில் நிற்கிறது. என் விடைகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தையே சார்ந்தவை. விமர்சனத்தை நற்பெயருக்கு வந்த ஆபத்தாக முதலில் பார்க்கும் அமைப்பு, தனக்கு எட்டக்கூடிய மிக மலிவான தணிக்கையைத் தானே அடைத்துக்கொள்கிறது.

இந்த இயக்கம் தொடக்கத்திலேயே ஒரு பொய் விளம்பரத்தில் சிக்கியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2007-இன் இறுதியில் கிவ்வெல் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதன் நிறுவனர் கர்னோஃப்ஸ்கி, ஓர் இணைய உரையாடல் தளத்தில் வேறொரு பெயரில் நுழைந்து, நல்ல தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேள்வி கேட்டார். பிறகு அதற்குத் தாமே இன்னொரு கணக்கிலிருந்து விடையளித்து, கிவ்வெல்லைப் பரிந்துரைத்தார். அத்தளத்தின் உறுப்பினர்கள் இதைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினார்கள். மற்ற தொண்டு நிறுவனங்கள் வெளிப்படையாக இல்லை என்று குற்றம் சொல்லவே பிறந்த ஒரு நிறுவனம் இப்படிச் செய்ததால் சினம் இரட்டிப்பாயிற்று. அச்சினம் நியாயமானது.

நிறுவனத்தின் ஆட்சிக்குழு விசாரணை நடத்தியது. கர்னோஃப்ஸ்கியைச் செயல் இயக்குநர் பொறுப்பிலிருந்து கீழிறக்கியது. நிறுவனர் இருவருக்கும் ஆளுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் இதை நான் நீட்டிச் சொல்ல மாட்டேன். தங்கள் தவறுகளைப் பட்டியலிட்டு வெளியிடும் வழக்கத்தைக் கிவ்வெல் மேற்கொண்டது. அந்தப் பட்டியலில் இந்த நிகழ்வும் இன்றுவரை இருக்கிறது. என்ன செய்தோம், அது ஏன் தவறு, அதன் பிறகு எதை மாற்றினோம் என்ற மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. நிறுவனத்தைப் பற்றிப் புதிதாக அறிய வரும் ஒருவர், எதிரிகள் சொல்லிக் கேட்பதற்கு முன்பாகவே நிறுவனத்தின் சொந்த வாயால் அதைக் கேட்டுவிடுகிறார்.

தவறுகளை இப்படித் தாமே அறிவித்தால் நன்கொடை குறைந்துவிடாதா?

சில நேரம் குறையும். அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும். மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

குடற்புழு நீக்கத்துக்குச் செலவிடும் பணம் எவ்வளவு பயன் தருகிறது என்பதற்கு, பன்னாட்டு வல்லுநர்கள் தயாரித்த ஒரு கணக்கீடு நெடுங்காலம் மேற்கோளாக இருந்தது. நலமான வாழ்வில் ஓராண்டைக் காப்பாற்ற 3.41 டாலர் போதும் என்று அது சொன்னது. கிவ்வெல் 2011-இல் அதன் விரிதாளைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தபோது பல பிழைகள் தெரிந்தன. திருத்திய தொகை 326.43 டாலராக இருந்தது. ஏறத்தாழ நூறு மடங்கு வேறுபாடு! குடற்புழு நீக்கத் திட்டம் ஒன்றைக் கிவ்வெல்லே அந்த ஆண்டின் இறுதியில் பரிந்துரைத்தது என்பதால், இதை வெளியிடுவது தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வது போன்றது. ஆயினும் எண்களுடன் வெளியிட்டார்கள்.

இரண்டாவது நிகழ்வு வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களை அங்கே 'மங்கா' என்கிறார்கள். அம்மாதங்களில் நகரத்துக்குப் போய் வேலை தேட ஏழைக் குடும்பங்களுக்குச் சிறு தொகை கொடுத்தால், அவர்கள் அனுப்பும் கூலியால் வீட்டில் உள்ளவர்கள் பட்டினியிலிருந்து தப்புகிறார்கள் என்று முதல் ஆய்வுகள் காட்டின. எவிடன்ஸ் ஆக்‌ஷன் என்ற அமைப்பு இதைப் பெரிய அளவில் நடத்தியது. 2017-இல் கிவ்வெல்லின் முதன்மைப் பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம் பெற்றது. பெரிய அளவில் செய்தபோது நடந்த அடுத்த ஆய்வில், மக்கள் இடம்பெயர்வது கூடவே இல்லை. அடுத்த ஆண்டே பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. 2019-இல் திட்டமே மூடப்பட்டது. களத்தில் முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்ததையும் எவிடன்ஸ் ஆக்‌ஷன் தானே வெளியில் சொன்னது. இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்று சொல்லி நன்கொடை வாங்கிக்கொண்டே இருப்பது அவர்களுக்கு மிக எளிதாக இருந்திருக்கும். கொடுப்பவர்களில் ஒருவனாகச் சொல்கிறேன்: நான் படித்த எந்த வெற்றி அறிக்கையையும்விட அந்த மூடல் அறிவிப்பே என் நம்பிக்கையைக் கூட்டியது.

மூன்றாவதாக, ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் கிவ்டைரக்ட்லி நிறுவனம் 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் தன் ஊழியர் சிலர் வெளியாட்களோடு சேர்ந்து, குடும்பங்களுக்குச் சேர வேண்டிய சுமார் 9 லட்சம் டாலரைத் திருடிவிட்டதாகவும், எந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதால் அது நேர்ந்தது என்பதையும் அதில் எழுதியிருந்தது. செய்தித்தாள் கண்டுபிடித்து எழுதியிருந்தால் வந்திருக்கக்கூடிய கேள்வி "இன்னும் எதை மறைக்கிறார்கள்?" என்பதாக இருந்திருக்கும். தாமே சொன்னதால் பேச்சு, கைப்பேசி வழிப் பணம் அனுப்புவதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்ற பயனுள்ள இடத்துக்கு நகர்ந்தது.

எல்லா விமர்சனத்துக்கும் விடை சொல்லிக்கொண்டே இருக்க முடியுமா?

முடியாது, தேவையுமில்லை. ஆனால் விடை சொல்லும் முன் விமர்சனம் எதைப் பற்றியது என்று பிரித்தறிய வேண்டும். மலேரியாவைத் தடுக்கக் கொடுக்கப்படும் கொசுவலைகளை மீன்பிடிக்கப் பயன்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. இது நடந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லக்கூடிய செய்தி. சில ஏரிக்கரைப் பகுதிகளில் அப்படி நடப்பது உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு, வலைகளைக் கொடுத்த சில மாதங்கள் கழித்து வீடு வீடாகச் சென்று அவை கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் கணக்கெடுப்புகளை முன்வைக்க வேண்டும். அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் அத்தகைய கணக்கெடுப்புகளைச் செய்யவைத்து வெளியிடுகிறது. "ஏழைகளைக் கொச்சைப்படுத்துகிறீர்கள்" என்று எதிர்த்துக் கேட்பது விடையாகாது.

குடற்புழு மாத்திரை பற்றிய சர்ச்சை வேறு வகையைச் சேர்ந்தது. 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையை நம் வீட்டுப் பிள்ளைகளும் விழுங்கியிருக்கிறார்கள் என்பதால், இது நமக்கும் தொலைவான செய்தி இல்லை. எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரேமர் என்ற பொருளியலாளர்கள் கென்யப் பள்ளிகளில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வே இத்திட்டங்களுக்குப் பெரிய ஊன்றுகோல். அவர்கள் தங்கள் தரவுகளைத் தாங்களே கொடுக்க, லண்டன் ஆய்வாளர்கள் மீண்டும் கணக்கிட்டு, பிழைகள் இருப்பதாக 2015-இல் எழுதினார்கள். அறிஞர்களிடையே பெரும் பூசல் மூண்டது. இங்கே ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கிடையாது. நீண்டகால நன்மை உறுதியாகத் தெரியாது என்று அறிவித்து, அந்த ஐயத்துக்காகத் தன் கணக்கில் பெருமளவு கழித்துக்கொண்டு, மாத்திரையின் விலை மிகக் குறைவு என்பதால் இன்னும் ஆதரிக்கத்தக்கது என்பதே கிவ்வெல்லின் நிலைப்பாடாக இருந்தது. 2022-இல் உறுதிப்பாட்டை முதன்மைப் பட்டியலுக்கான அளவுகோலாக்கியபோது, குடற்புழுத் திட்டங்கள் அப்பட்டியலிலிருந்து நீங்கின. ஐயத்தை ஐயமாகவே சொல்வதைப் பலவீனமென்று கருதும் மக்கள் தொடர்பு ஆலோசகர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை.

உள்நோக்கத்தோடு வரும் வசைகளை விட்டுவிடலாம். ஆனால் வசைபாடுபவர் சொல்லும் ஒரு தகவல் சரியாக இருந்தால், அந்தத் தகவலுக்கு விடை கடமையாகிவிடுகிறது.

"நிறையச் சம்பாதித்து நிறையக் கொடு" என்பதுதானே இவர்கள் சொல்வது?

வாழ்க்கைத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றி அறிவுரை சொல்லும் 80,000 அவர்ஸ் அமைப்பு, 2011-இல் தொடங்கியபோது இக்கருத்தை முன்னிறுத்தியது. பங்குச் சந்தையில் வேலை பார்த்துச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கும் இளைஞர் என்ற சித்திரம் செய்தியாளர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அமைப்புக்கும் அந்தக் கவனம் இனித்தது. 2015-இல், மிகச் சிலரே நெடுங்காலம் அப்படிச் செய்வது நல்லது என்று மெக்காஸ்கில் எழுதினார். அக்கருத்துக்குத் தாங்கள் கொடுத்த மிகையான முதன்மை ஒரு தவறு என்று அமைப்பும் பின்னர் தன் தவறுகளில் ஒன்றாகக் குறித்தது. ஆனால் முதலில் ஊன்றியதே இன்றும் நிற்கிறது. என்னிடம் கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இதிலிருந்து கற்றுக்கொண்டே, நுணுக்கமான கருத்துகளைச் சிதையாமல் சொல்ல இடந்தரும் நீண்ட உரையாடல்களையும் நூல்களையும் நாட வேண்டும், பரபரப்புத் தலைப்புகளைத் தேடி ஓடக்கூடாது என்ற கொள்கையை இயக்கத்தின் மைய அமைப்பு 2017 வாக்கில் வகுத்தது.

எஃப்டிஎக்ஸ் மோசடியில் இயக்கத்தின் பொறுப்பு என்ன?

சாம் பேங்க்மன்-ஃப்ரைட் மாணவராக இருந்தபோது, சம்பாதித்துக் கொடுக்கும் வழியை அவருக்கு எடுத்துச் சொன்னவர் மெக்காஸ்கில். பிறகு பேங்க்மன்-ஃப்ரைட் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையை நடத்திப் பெருஞ்செல்வரானார். 2022 பிப்ரவரியில் அவர் பணத்தில் ஓர் ஈகை நிதியம் தொடங்கியது. மெக்காஸ்கில் அதன் ஆலோசகர். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் திவால் மனு தாக்கல் செய்தது. வாடிக்கையாளர்களின் பணம் பேங்க்மன்-ஃப்ரைடின் மற்றொரு நிறுவனத்துக்குப் போயிருந்தது. 2023 நவம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து, 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

சரியாக நடந்தவற்றை முதலில் சொல்கிறேன். நிதியத்தின் ஊழியர் அனைவரும் உடனே பதவி விலகினார்கள். நல்ல நோக்கம் மோசடியை நியாயமாக்காது என்று மெக்காஸ்கில் அன்றே எழுதினார். இயக்கத்தின் பல அமைப்புகளைத் தாங்கி நின்ற எஃபெக்டிவ் வென்ச்சர்ஸ், 2022-இல் எஃப்டிஎக்ஸ் சார்பில் தனக்கு வந்த சுமார் 2.7 கோடி டாலரைத் திவால் நிர்வாகத்திடம் திருப்பித் தர உடன்பட்டது.

தவறாக நடந்தது இதைவிடப் பெரியது. பேங்க்மன்-ஃப்ரைடுடன் பணியாற்றி 2018-இல் விலகியவர்கள், அவருடைய நடத்தையைப் பற்றி இயக்கத்தின் தலைவர்களை எச்சரித்திருந்தார்கள் என்று டைம் இதழ் 2023 மார்ச்சில் எழுதியது. அந்த எச்சரிக்கைகள் பின்னர் வெளிப்பட்ட மோசடியைக் குறித்தவை இல்லைதான். ஆயினும் ஒருவரை இயக்கத்தின் முகமாகக் காட்டி மகிழ்ந்தவர்களுக்கு, அவரை இடித்துரைத்தவர்களின் சொல்லையும் எடைபோடும் கடமை இருந்தது. அவருடைய எளிமையான காரையும் கலைந்த தலையையும் போற்றிப் பேசிய பேச்சு, இயக்கத்துக்குக் கிடைத்த விளம்பரமாக மாறிப்போனது. விளம்பரமாகிவிட்ட மனிதரைப் பற்றிக் கேள்வி கேட்பது எவருக்கும் கடினம்.

அதற்குப் பிந்தைய மௌனமும் எனக்கு வருத்தமளித்தது. வழக்குகளையும் விசாரணைகளையும் காரணம் காட்டி வழக்கறிஞர்கள் சொன்ன அறிவுரைப்படி, விடை சொல்ல வேண்டியவர்கள் நெடுங்காலம் பேசவில்லை. மெக்காஸ்கில் 2024-இல்தான் விரிவாகப் பேசினார். வழக்கறிஞர் சொல்வதை மீறுவது எளிதில்லை என்பதை ஏற்கிறேன். எனினும் என்னென்ன கேள்விகளுக்கு இப்போது விடை தர இயலாது, எப்போது இயலும் என்பதையாவது அறிவித்திருக்கலாம். பணத்தை இழந்த சாதாரண வாடிக்கையாளர்களுக்கு அந்த அளவு மரியாதை கிடைத்திருக்க வேண்டும்.

ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்பவர்கள் மாளிகை வாங்கியது ஏன்?

ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் ஆபி என்ற பழைய மாளிகை, கருத்தரங்குகள் நடத்துவதற்காக 2022-இல் சுமார் 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டது. இடத்தை வாடகைக்கு எடுப்பதைவிட வாங்குவது நாளடைவில் சிக்கனம், வேண்டாதபோது விற்றுவிடலாம் என்பது வாங்கியோரின் வாதம். வாதம் முழுவதும் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கிய அன்றே அதைப் பொதுவில் எழுதியிருக்க வேண்டும். எஃப்டிஎக்ஸ் வீழ்ச்சியைச் சுற்றிய நாள்களில் பிறர் கண்டு கேட்ட பிறகே விளக்கம் வந்தது. கேட்ட பிறகு வரும் விளக்கம், எவ்வளவு நியாயமானாலும், சாக்காகவே காதில் விழும். 2024-இல் அதை விற்க முடிவு செய்தார்கள்.

விமர்சனத்துக்குப் பரிசு கொடுக்கிறார்களாமே?

2022-இல் ஒரு லட்சம் டாலர் பரிசுத்தொகையுடன், இயக்கத்தை விமர்சித்து எழுதும் போட்டி ஒன்று நடந்தது. கிவ்வெல்லும் அதே ஆண்டு தன் கணக்குகளில் பிழை காட்டுவோருக்குப் பரிசு அறிவித்தது. பிந்தையதை நான் மிகவும் மதிக்கிறேன். குறிப்பிட்ட கணக்கு, குறிப்பிட்ட பிழை, குறிப்பிட்ட திருத்தம் என்று அது முடிகிறது. முந்தைய வகைப் போட்டிக்கு ஓர் எல்லை உண்டு. பரிசு கொடுப்பவர்களின் அடித்தளத்தையே கேட்கும் விமர்சனம் பரிசுக்காக எழுதப்படுவது அரிது. 2021-இன் இறுதியில் கார்லா ஸோ கிரேமர், லூக் கெம்ப் என்ற ஆய்வாளர் இருவர், மனித குலத்தின் பேராபத்துகளை இயக்கத்தைச் சேர்ந்த அறிஞர்கள் ஆராயும் முறையைக் கண்டித்து எழுதினார்கள். வெளியிட்டால் நிதி கிடைப்பது கெடலாம் என்று சிலர் தங்களைத் தடுக்க முயன்றதாகவும் அவர்கள் பதிவு செய்தார்கள். பரிசு அறிவிப்பதைவிட, விமர்சித்தவரின் வேலையும் நிதியும் பாதிக்கப்படாது என்று உறுதியளிப்பது கடினமானது. செய்ய வேண்டியது அதுவே.

அரசியல் மாற்றத்தை விட்டுவிட்டு வலையும் மாத்திரையும் கொடுப்பதால் என்ன மாறும்?

டேரன் அசெமோக்லு, ஆங்கஸ் டீட்டன் போன்ற பொருளியலாளர்கள் 2015-இல் இவ்வாறு கேட்டார்கள்: அரசு செய்ய வேண்டியதை வெளியார் செய்தால், மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான கடமை உறவு தளர்ந்துவிடாதா? அரசே சத்துணவையும் தடுப்பூசியையும் மக்களிடம் கொண்டு சேர்த்ததைக் கண்ட தமிழ் வாசகருக்கு இக்கேள்வியின் கனம் உடனே புரியும். பரிந்துரைக்கப்படும் பல திட்டங்கள் அரசுகளோடு சேர்ந்தே நடக்கின்றன என்பது ஒரு பகுதி விடை. இந்தியாவின் குடற்புழுத் திட்டமே அதற்குச் சான்று. முழு விடை யாரிடமும் இல்லை. மலேரியாவில் இந்த ஆண்டு இறக்கப்போகும் குழந்தைக்கு அரசு சீர்படும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதால் நான் கொடுக்கிறேன். டீட்டன் கேட்டது தவறான கேள்வி என்று சொல்லமாட்டேன்.

நண்பர் ஒருவர் இயக்கத்தைச் சாடினால் நான் என்ன சொல்ல வேண்டும்?

இயக்கத்தின் வழக்கறிஞராக மாற வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததையும் நீங்கள் ஏன் கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று விடுங்கள். அவர் சொன்னது சரியாக இருந்தால், அதை உரிய அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள்.

உதவி பெறுபவர்கள் இதில் எங்கே பேசுகிறார்கள்?

மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படும் விமர்சனம் இதுதான். ஓர் உயிரைக் காப்பதா, பத்துக் குடும்பங்களின் வருமானத்தை இரட்டிப்பதா என்று எடைபோடும் தராசை அமெரிக்காவில் இருப்பவர்களே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் பலர். அதன் பிறகு கிவ்வெல் ஏற்பாடு செய்ய, ஐடிஇன்சைட் என்ற ஆய்வு நிறுவனம் கென்யாவிலும் கானாவிலும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 பேரிடம் நேரில் சென்று கேட்டது. முடிவுகள் 2019-இல் வெளியாயின. கிவ்வெல் கணித்திருந்ததைவிட அதிகமாகவே உயிர் காப்பதற்கு அவர்கள் மதிப்புக் கொடுத்தார்கள். குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிருக்கு. கிவ்வெல் தன் எடைகளை மாற்றியது. அதனால் பணம் போகும் இடமும் மாறியது.